காய் திருப்பாத பாவை

வளம் பெருகுக. உப்பங்கரை நாடாளும் பெருமாட்டி, அலைவாய்க் கோட்டை உடையார், எம் அரசரின் உடன்பிறந்த தமக்கையார் வெண்கோதைப் பிராட்டியார் திருமுன்பு, மேலைக்குன்ற நாட்டு வேந்தர் சேந்தன் குன்றவேளின் ஓலைநாயகம் காரி நாகன் தாழ்ந்து எழுதுவது. தங்கள் வயலில் மழையும் தங்கள் உப்பளத்தில் வெயிலும் ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுக்காதிருக்க.

இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

கருமணியாற்றின் நடு மணல்திட்டில், ஆண்டுதோறும் கோடை முடிவில் தாங்களும் தம்பியாரும் சதுரங்கம் ஆடுவதும், வைத்த காயைத் திருப்பி எடுப்பவர் அதற்கு ஈடு தருவதும் தங்கள் தந்தையார் வகுத்த முறை. எம் அரசர் திருப்பினால் எங்கள் மதகு ஒரு நாள் திறந்து தங்கள் வயலுக்கு நீர் வரும். தாங்கள் திருப்பினால் ஓர் ஓடம் உப்பு எங்களுக்கு வரும். எம் அரசரின் கைப்பதற்றம் ஊரறிந்தது. தங்கள் நாட்டு நெல் விளைந்ததே அதனால்தான். தாங்களும் பொறுமைக்குப் பேர்போனவர் அல்லர். எங்கள் ஊறுகாய்ச் சாடிகளே சாட்சி.

சென்ற ஆண்டு தாங்கள் ஒரு சொல் சொன்னீர்கள். ஆடத் தெரியாதவனுக்கு ஆறு எதற்கடா தம்பி, அதையும் என்னிடமே கொடுத்துவிடேன் என்று சிரித்தீர்கள். நான் ஓடத்தில் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காற்று என் பக்கம் வீசிற்று. அரசர் அன்று சோற்றைத் தொடவில்லை. அடுத்த மாதமே கடல்கடந்து வந்த கம்மியரிடம், சதுரங்கம் ஆடும் அந்தப் பொறிப்பாவையை வாங்கினார். வயிற்றில் பித்தளைச் சக்கரங்கள், முதுகில் சாவி. முறுக்கிவிட்டால், வரக்கூடிய நகர்த்தல் யாவற்றையும் எண்ணிப் பார்த்து ஒன்றை வைக்கும். இதுவரை தோற்றதில்லை.

இவ்வாண்டு தமக்குப் பதிலாக அதையே மணல்திட்டுக்கு அனுப்பினார். தாங்கள் பொழுதெல்லாம் அதன் எதிரே அமர்ந்ததும், இடையில் வெற்றிலை மடித்து நீட்டியதும், அது வாங்காததும் இங்கே சந்தைவரை தெரியும். குதிரையைத் தவறி வைத்துத் திருப்பிக் கேட்க வாயெடுத்தவர், யாரிடம் கேட்பது என்று அடங்கிவிட்டீர்களாம். பாவை வென்றது. ஒரு காயும் திரும்பவில்லை. மதகும் திறக்கவில்லை, உப்பும் வரவில்லை. தங்கள் கடைமடையில் நாற்று மஞ்சளித்துக் கிடப்பதாக ஓடக்காரர் சொல்கின்றனர். வென்ற நாட்டார் நாங்கள், உப்பில்லாக் கஞ்சியை முகம் சுளித்துக் குடிக்கிறோம். மதகைச் சும்மா திறக்கலாமே என்று அவையில் ஒருவர் கேட்டதற்கு, தந்தையார் முறையை மீறச் சொல்கிறீரா என்று அரசர் சீறினார்.

அவர் மகிழ்ந்திருக்கிறார் என்றும் எண்ணவேண்டாம். நாள்தோறும் பாவையோடு ஆடித் தோற்கிறார். எங்களோடு ஆடமாட்டார், நாங்கள் அஞ்சித் தோற்றுக்கொடுப்பது அவருக்குத் தெரியும். தம்மை மெய்யாக வெல்பவர் இருவரே, ஒருவர் தமக்கை, மற்றது பொறி என்று மருத்துவரிடம் சொன்னாராம். நேற்று யானையை வைத்துவிட்டு, திருப்பி எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் பாவையின் கை இறங்கி யானையை அப்புறப்படுத்தியது. நீட்டிய கையை அரசர் நெடுநேரம் மடக்கவில்லை. பிறகு, அக்காள் என்றால் ஏசிவிட்டாவது கொடுத்திருப்பாள் என்றார். விளக்கில் எண்ணெய் உண்டா என்று பார்க்கப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றதால் என் காதில் விழுந்தது.

பெருமாட்டி, எனக்கு அலுத்துவிட்டது. படை வந்தால் தூது போவேன். அக்காள் தம்பி பிணக்குக்கு எந்த ஓலையில் வாசகம் இருக்கிறது? இன்று நண்பகல் அரசர் கண்ணயர்ந்தபோது பாவையின் முதுகுச் சாவியைக் கழற்றினேன். பட்டில் சுற்றி இவ்வோலையோடு வருகிறது. இனி அவர் அனுப்புவதற்குத் தம்மைத் தவிர ஒன்றுமில்லை. வரும் முழுநிலவன்று தாங்கள் மணல்திட்டுக்கு எழுந்தருளி, முதற்காயைத் தாங்களே திருப்பிக் கேட்டருளவேண்டும். கேட்கும்போது சிரிக்காதிருந்தால் பேருதவி. அரச இலச்சினைக்காக இதை மற்ற ஓலைகளின் நடுவே செருகிவைக்கிறேன். இங்ஙனம் காரி நாகன் எழுத்து.

இதன் கீழ் அரசர் கைப்பட:

அக்காள் அறிய. நடுவே செருகிய ஓலையைத்தான் நாம் முதலில் படிப்போம் என்பது இத்தனை ஆண்டாகியும் நம் ஓலைநாயகத்துக்குத் தெரியவில்லை. சாவி கழன்றபோதும் நாம் உறங்கவில்லை. அது தங்களிடமே இருக்கட்டும். பாவையை அனுப்பியதும் நாம் வைத்த ஒரு காய்தான். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். ஆகவே முறைப்படி, இவ்வோலை ஆற்றைக் கடக்குமுன் மதகுக் காவலர் கதவைத் தூக்குக. இது நம் ஆணை, இலச்சினை இட்டோம். சிரிப்பதாயின், நேரில் வந்து சிரிக்க.