வயலின் தட்டும் ஒரு மூச்சும்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு இடுப்புவலி தேவலையா? நம் குட்டிம்மா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

என் அறைத்தோழி வேலையை விட்டுப் போகும்போது தன் ரெக்கார்டு பிளேயரை எனக்குக் கொடுத்தாள் என்று சொன்னேனே, அதில் போட ஒரு நல்ல இசைத்தட்டு தேடி ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போனேன். அழகான அட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்ததும் கடைக்கார அம்மா சிரித்துவிட்டார்.

"அட்டைய பாத்து மயங்காதம்மா. தட்ட வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு. கீறல் இல்லாம இருந்தாதான் பாட்டு சுத்தமா கேக்கும்."

அப்படிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஒரு வயலின் தட்டை வாங்கினேன். வரும்போது மாடிப்படியில் வழுக்கிவிட்டது. பயப்படாதீர்கள், தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் முழங்காலில் லேசான சிராய்ப்பு.

ஆஸ்பத்திரிச் சலவை இயந்திரங்களின் இரைச்சலிலேயே கிடக்கும் காதுக்கு அந்த இசை எப்படி இருந்தது தெரியுமா? கட்டிலும் சுவரும் நானும் தண்ணீரில் மெல்ல மிதப்பது போல இருந்தது. ஒவ்வொரு முறை வில்லை எடுக்கும்போதும் வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. தோழி போன பிறகு இந்த அறையில் இன்னொருவருடைய மூச்சுச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். முழுப் பாட்டையும் கேட்காமல், ஊசியைத் திரும்பத் திரும்ப அந்த முதல் மூச்சு கேட்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டைத் துடைக்க மெல்லிய துணி வேண்டும். உங்கள் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, துவைத்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் போட்ட சட்டை ஒன்றும் வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
நான்தான்