தைலம்மாள் வசனம்

வடக்கனந்தல்,
20.1.1971

அன்புள்ள தைலம்மாளுக்கு உன் வீட்டுக்காரன் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. நான் சுகம். நெய்வேலியில் நீயும் உன் அண்ணன், அண்ணி, பிள்ளைகளும் சுகமாக இருக்கச் சாமியைக் கும்பிடுகிறேன்.

முதலில் பெரிய சேதி. பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சியில் நடந்த நாடகப் போட்டியில் நமக்குத்தான் கோப்பை! பெண் வேஷத்துக்கு முதல் பரிசும் எனக்கே. பத்து வருஷமாக மீசையை எடுத்துவிட்டு ராணி வேஷம் கட்டுகிறேன், இந்த மாதிரிக் கைதட்டலைக் கேட்டதில்லை. ஆனால் அது என் சாமர்த்தியம் இல்லை. எப்படி என்று சொல்கிறேன், கிழித்துப் போடாமல் படி.

ராஜா போருக்குப் புறப்படும் கட்டம் உனக்குத் தெரியும். "பிராணநாதா, அடியாளைப் பிரியவும் துணிந்தீரோ" என்று ஆரம்பித்து, ராணிக்கு நாடக வாத்தியார் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒத்திகைக்குச் சோறு கொண்டுவந்த நீ அதைக் கேட்டுவிட்டு, "புருஷன் கௌம்பி வாசல்ல நிக்கறப்ப எந்தப் பொம்பள இவ்ளோ நேரம் பேசிக்கினு இருப்பா? போறேன்னு சொல்லாதீங்க, போயிட்டு வரேன்னு சொல்லுங்கன்னுவா. அவ்ளோதான்" என்றாய். நான் எல்லார் எதிரிலும், "நாடகத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? கம்முனு வூட்டுக்குப் போ" என்று விரட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் நாள் நீ பெட்டியைத் தூக்கிவிட்டாய்.

போட்டியன்று ராஜா வேஷம் கட்டிய நம் பூமாலைக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உதறல். "சென்று வருகிறேன், தேவி" என்பதுதான் அவன் வசனம். பயல் "செல்கிறேன், தேவி" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல் விட்டுப்போனதும் எனக்குப் பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீ படியில் காலை வைத்துக்கொண்டு "போறேன்" என்றாய். வரேன் என்று சொல்லவில்லை. மேடையில் ஒரு எழுத்து தப்பினாலும் பிடித்துவிடுகிற எனக்கு அது அப்போது உறைக்கவில்லையே, பாவி!

நாலு பக்கமும் மறந்துபோயிற்று. கிரீடமும் டோப்பாவுமாக நின்றபடி, நம் வீட்டுப் பேச்சில், "போறேன்னு சொல்லாதீங்க. போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்றேன். ஆர்மோனியக்காரர் கை நின்றுவிட்டது. பூமாலை திருதிருவென்று முழித்து, "சரி, போயிட்டு வரேன்" என்றான். பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள். அப்புறம் பந்தலே அதிர்ந்தது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த சனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

கோப்பை வாங்கியதும் மைக்கைப் பிடித்து, "இந்த வசனம் எங்க வூட்டுக்காரி தைலம்மாளோடது" என்று சொன்னேன். ஊர் முன்னால் உன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வாத்தியார் நாலு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, நோட்டில் உன் வார்த்தையை எழுதி, பக்கத்தில் 'தைலம்மாள் வசனம்' என்று குறித்திருக்கிறார்.

வீட்டு நடப்பு: அடுத்த வாரம் கரும்பு வெட்டு. செவலை மாடு என்னிடம் பால் விட மாட்டேன் என்கிறது. நேற்று உன் புடவையைக் கட்டிக்கொண்டு, உன்னைப் போலவே குரல் கொடுத்தபடி போய் உட்கார்ந்தேன். விட்டது ஒரு உதை! கள்ளக்குறிச்சியில் எடுபட்ட வேஷம் மாட்டுக் கொட்டகையில் எடுபடவில்லை. பக்கத்து வீட்டு இருசம்மாள் பார்த்துவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு அந்த இருமல் தேவலையா? பனியில் வெறும் தலையோடு நிற்காதே.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோப்பையோடு நெய்வேலிக்கு வருகிறேன். எல்லார் எதிரிலும் உன்னைப் பேசியவன், உன் அண்ணன் வீட்டில் எல்லார் எதிரிலும் தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். நீ பஸ் படியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்திவிடு, தைலம்மா. வசனம் திருத்துவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று கள்ளக்குறிச்சியே சொல்லிவிட்டது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
பொன்னுரங்கம்