கொழுப்பு என்று நான் சொன்னது

ரோசலியின் அப்பாவுக்கு,

நேற்றுக் களியைத் தொடாமல் எழுந்து போய்விட்டீர்கள். உங்கள் தம்பி எதிரில் நான், "உங்களுக்குக் கொழுப்புன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க" என்றிருக்கக் கூடாது. ஆனால் டாக்டர் சொன்னதும் அந்தச் சொல்தான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர் என்னிடம் சொன்னது இதுதான். உங்கள் ஈரலில் கொழுப்பு தங்கியிருக்கிறதாம். அப்படியே விட்டால் ஈரல் தழும்பேறி இறுகிவிடுமாம். கொழுப்பைக் கரைக்கலாம், தழும்பைக் கரைக்க முடியாதாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் வீட்டில் கிறிஸ்மஸுக்குத்தான் நெய் உருகும். எலும்பும் தோலுமாக இருக்கிறவருக்கு உள்ளே மட்டும் ஏது கொழுப்பு? அடியே படாத இடத்தில் தழும்பு எப்படி வரும்? சாராயத்தால் என்றார். "கடையெல்லாந்தான் மூடிட்டாங்களே" என்றேன். அவர் சிரித்தார். நீங்கள் மலைப்பக்கம் போய்த் திருட்டுச் சாராயம் குடித்துவருவது அவருக்கு எப்படித் தெரிந்தது?

இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளத் தர்மபுரி பஸ்ஸுக்குப் போகிறேன். சட்டியில் களி இருக்கிறது. பருப்பும் மோரும் உங்களுக்குத்தான், தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மதலேன்

எழுத மறந்தது: வயிறு காய்ந்து கிடந்தாலும் ஈரலில் கொழுப்பு ஏறுமாம். இன்றைக்கும் கோபத்தில் சாப்பிடாமல் இருந்தால் உங்களுக்குக் கொழுப்பு இன்னும் கூடும். இதையும் டாக்டர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.