பிரித்துக் கேட்ட பிள்ளை

பதுளை, 1919 ஆகஸ்ட் 12

காலையில் முதல் வேலையாகப் பிரசவ வார்டைக் கழுவினேன். மருத்துவச்சிப் பயிற்சியில் நாற்பது தாண்டியவளுக்கும் அதுதான் வேலை. தரை காயுமுன் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்ததால் வெளியே வராமல் வயிற்றிலேயே இறந்துவிட்டது. டாக்டர் வருவதற்குள் தாயும் இறந்துவிட்டாள்.

அவள் புருஷன் என் காலில் விழுந்தான். "வயித்துப் புள்ளையோட பொதச்சா அவளுக்குச் சாந்தியே இல்லீங்கம்மா. பிரிச்சுக் குடுங்க, ரெண்டு குழி வெட்டிக்கிறேன்."

"செத்தவளுக்கும் பிரசவம் பாக்கோணுமோ?" என்று டாக்டர் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவனுக்கு இருக்கிறது. இரவாகியும் இன்னும் பிணவறை வாசலில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பயிற்சி மாணவி தானாகக் கத்தி எடுத்தால் அன்றே வெளியேற்றிவிடுவார்கள். நாளை விடிகாலையில் உடலைக் கழுவிக் கட்டும் முறை என்னுடையது. அப்போது, யாரிடமும் கேளாமல், நானே பிரித்துக் கொடுக்கப்போகிறேன்.