கேட்டுச் சொல்றேன்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கண்ணோடு சேர்த்துக் கேட்கிறோம்.

கவரின் கனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எல்லாம் ஒரே கடிதம்தான். போர்டுக்கு அவுட்லைன் போடுகிற தடித்த மார்க்கரில் எழுதுகிறேன், ஒரு தாளுக்குப் பத்து வரிக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. "தங்கச்சிக்கு லெட்டர் எழுதுறீங்களா, தேர்தலுக்குப் போஸ்டர் எழுதுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள் உன் அண்ணி. இந்தக் கூத்தெல்லாம் உன் மங்கின கண்ணுக்கும் எழுத்து தெரிந்து, நீயே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நீ இருக்கிற அந்த இல்லத்துக்கு வருகிற கடிதங்களை டீச்சரம்மாதான் பிரித்து வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். டீச்சரம்மா, உங்களுக்கும் வணக்கம். இதில் ஒளித்து எழுத ஒன்றுமில்லை. நீங்கள் தாராளமாக முதலில் படியுங்கள். படித்துவிட்டுத் தாளை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

உன்னைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று போன வாரம் கிளம்பினவன், மூன்று நாள் கழித்துத் தனியாக, சட்டையெல்லாம் பெயிண்ட் கறையோடு வந்து நின்றதை நினைத்து உன் அண்ணி இன்னும் சிரிக்கிறாள். "சண்டை போடப் போன மனுஷன் வேலை பார்த்துட்டு வந்திருக்காரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். அங்கே எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது.

பஸ்ஸில் வரும்போதே சண்டைக்கு வேண்டிய வசனத்தையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வாசலில் ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்தார். மூத்தவர் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிற அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா? கையைத் தூக்கித் தூக்கி எழுதுற வேலையாச்சே, தோள் வலிக்குமே" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், என் தோளைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இதைப் படித்துவிட்டு உன் அண்ணி முறைக்கிறாள், தைலம் தடவினீர்களா என்று அவள் தினமும் கேட்கிறாளாம். அது விசாரிப்பு இல்லை, அதிகாரம். எப்படியோ, மனப்பாடம் செய்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "உங்க எழுத்தைப் பத்தித் தங்கச்சி சொல்லிட்டே இருப்பாங்க. சாப்பாட்டு ஹாலுக்கு ஒரே ஒரு போர்டு எழுதித் தர முடியுமாண்ணே?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீல அடியில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் நிழல் கொடுத்து, "கேட்டுச் செய்வோம்" என்று எழுதினேன். ஒவ்வொரு கொம்பையும் எப்படி வளைத்தேன் என்று நீயும் பக்கத்தில் நின்று பார்த்தாய். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கண் கலங்கினார். நான் எழுத்தின் அழகைப் பார்த்தேனே தவிர, என்ன எழுதுகிறேன் என்று படிக்கவே இல்லை. பிறகு இன்னொரு போர்டு கேட்டார்கள், எழுதினேன். மூன்றாவதற்கு டப்பாவைத் திறக்கும்போது என் வாயிலிருந்தே வருகிறது: "இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்? மூத்தவரைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காசு கொடுக்கிற கடைக்காரன் கேட்கிற கலரையே "அதெல்லாம் எடுபடாது" என்று மாற்றிவிடுகிறவன் நான். என்னை யாரும் மிரட்டவில்லை. கதவை யாரும் பூட்டவில்லை. பிரியமாக இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பிரியம் குறைந்துவிடக் கூடாதே என்று எனக்கே ஒரு பதைப்பு வந்திருந்தது. அந்த நிமிஷத்தில்தான், தங்கச்சி, நீ எனக்குப் புரிந்தாய். "உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று போன மாதம் போனில் கத்தினேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் புத்தியே மூன்று நாளில் போயிற்று.

மாப்பிள்ளை தவறிய பிறகு நாங்கள் எல்லோரும் கொஞ்ச நாள் வந்தோம், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். தினமும் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து, நீ பேசினாலும் பேசாவிட்டாலும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது அந்த இல்லத்துப் பெண்தான். அதை நான் எங்கேயும் மறைத்துப் பேச மாட்டேன். மாப்பிள்ளைக்கு நெஞ்சு வலித்தபோது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடியட்டும் என்று இருந்தது உன் முடிவு, அதனால்தான் அவர் போனார் என்று நீ உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியதை முதலில் கேட்டதும் அவள்தான். போர்டு காய்ந்துகொண்டிருந்தபோது நீ என்னிடம் சொன்னாய்: "இங்க தப்புப் பண்ணவே முடியாதுண்ணா. எல்லாமே கேட்டுத்தான் செய்றோம். அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

தெரியும். மூன்று நாள் நானும் அனுபவித்தேன். ஆனால் "வாயுப் பிடிப்பாத்தான் இருக்கும், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று சொன்னது மாப்பிள்ளை. அவர் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர் என்று உனக்குத் தெரியாதா? பல் வலிக்கே நாலு பேர் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஆள். நீ அவரைத் தூக்கிக்கொண்டா ஓடியிருப்பாய்? அது உன் தப்பு இல்லை. இதை நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன், போர்டு எழுதியதில் மறந்துவிட்டது.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. சாப்பாட்டு ஹாலில் ஜன்னல் ஓரத்தில் ஒரு அம்மா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவரிடமிருந்து பதில் வருவதற்கு முன்னாலேயே மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டார்களாம், அதனால் கொஞ்ச நாள் "அமைதி", யாரும் அவர்களோடு பேசக் கூடாது என்றார்கள். யாரும் திட்டவில்லை. தட்டில் எல்லோருக்கும் போலவே போட்டார்கள். முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்தால் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்காருகிறவள் நீ. நீயும் அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. உன்மேல் கோபம் வரவில்லை, நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று தெரிந்தது.

கார்மெண்ட்ஸில் உனக்கு என்ன பேர்? ரிஜெக்ட் ராணி. தைத்து வருகிற சட்டையை விளக்குக்குக் கீழே பிடித்து, ஒரு தையல் கோணினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடுவாய். சூப்பர்வைசரே உன்னிடம் வந்து கெஞ்சுவான். அப்படிப்பட்டவளிடம் முதல் போர்டு எழுதின அன்றைக்கு, உன் டீக்குப் பால் விடட்டுமா வேண்டாமா என்றுதான் கேட்டேன். "கேட்டுச் சொல்றேண்ணா" என்று எழுந்து போனாய். டீ ஆறிப்போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது உன் கண் விஷயம். உன் ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சொட்டு மருந்து மட்டும் இனிப் போதாது என்கிறார். போன பார்வை திரும்பாதாம், இருக்கிறதைக் காப்பாற்றலாமாம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் தள்ளக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மூத்தவர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்கிறாய். உண்மைதான், அவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "பொறும்மா, நேரம் வரும்போது சொல்றேன்" என்கிறார். நீயும் பொறுத்துக்கொண்டிருக்கிறாய். கண் பொறுக்காதே.

இல்லத்தை விட்டு வா என்று நான் சொல்லவில்லை. உனக்கு அங்கே மனசு ஆறுகிறது என்றால், ஆபரேஷன் முடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன். ஆபரேஷனுக்குச் சரி என்று இன்றைக்கே எழுது என்றும் கேட்கவில்லை. அது பெரிய கேள்வி. ஒரு சின்னக் கேள்வி கேட்கிறேன். இங்கே நம் வீட்டில் உனக்கென்று இருக்கிற அறையில் சுண்ணாம்பு உதிர்கிறது, சுவரைச் சுரண்டி வைத்திருக்கிறேன். நீலம் அடிக்கவா, மஞ்சள் அடிக்கவா? இதற்கு மட்டும் பதில் எழுது. யாரையும் கேட்காமல் எழுது. தப்பாகப் போனால் என்ன ஆகிவிடும்? மேலே இன்னொரு கோட்டிங், அவ்வளவுதானே.

உன் பதில் வருகிறவரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்,
உன் அண்ணன்

*

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சொல்ல, அவருக்காக நான் எழுதும் கடிதம். அவர் இங்கே மன அமைதியுடன் இருக்கிறார். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி தாள்களை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு நாள் எடுத்துப் படித்தார்.

கண் சிகிச்சை குறித்து மூத்தவரிடம் தெரிவித்திருக்கிறார். பதில் வந்ததும் தங்களுக்கு எழுதுவார். அதுவரை கவலைப்பட வேண்டாம் என்றும், அண்ணியாரையும் கேட்டதாகச் சொல்லும்படியும் கூறுகிறார். தாங்கள் எழுதித் தந்த போர்டை வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். நேரம் வாய்க்கும்போது தோட்டத்து வாசலுக்கும் ஒன்று எழுதித் தந்தால் மகிழ்வோம்.

தங்கள் தோள் வலி குணமாகப் பிரார்த்திக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கைக்காக, டீச்சர்

பச்சை

*

என் தங்கமே,

அண்ணன் எழுதுவது. இந்த முறை ஒரே ஒரு தாள்தான்.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு எழுத்து மேலே ஏறி, ஒரு எழுத்து கீழே இறங்கி, கடைசி எழுத்து தாளை விட்டே ஓடப் பார்க்கிறது. நான் இத்தனை வருஷம் எழுதின எந்தப் போர்டும் இதற்கு ஈடாகாது. நான் கேட்டது நீலமா, மஞ்சளா என்று. நீ இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பச்சை என்கிறாய். ரிஜெக்ட் ராணி இன்னும் உள்ளே உட்கார்ந்துதான் இருக்கிறாள் என்று சொல்லி உன் அண்ணி அழுகிறாள். நானும்தான். இந்தத் தடவை பெயிண்ட் நெடி என்று சொல்ல மாட்டேன், டப்பாவையே இன்னும் திறக்கவில்லை.

டீச்சரம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே அவள் எழுதினதை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதை அனுப்பலாமா என்று நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? யாரையும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த ஜன்னல் ஓரத்து அம்மாவிடமும் யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் சந்தோஷப்படுவேன்.

தங்கச்சி, ஆபரேஷனுக்கு நாள் கொடுத்த அந்தத் திங்கட்கிழமை காலையில் ஆட்டோவோடு உங்கள் வாசலுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். உன் அண்ணி உள்ளே உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வாசலுக்குள் வரமாட்டோம். வந்தால் தோட்டத்துப் போர்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள், எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. மத்தியானம் வரை நிற்போம். நீ வராவிட்டால் கோபம் இல்லை, மறுநாளும் அங்கேதான் நிற்போம்.

பச்சைக்கு வருகிறேன். பெயிண்ட் கடையில் அட்டையை விரித்துக் காட்டுகிறான், எத்தனை பச்சை இருக்கிறது என்கிறாய்! எல்லாம் பச்சைதான், ஒன்றுபோல் ஒன்று இல்லை. உன் அண்ணி ஒன்றைக் காட்டுகிறாள், நான் ஒன்றைக் காட்டுகிறேன். எங்கள் இருவருக்கும் அதைத் தீர்மானிக்க உரிமை இல்லை. சுவர் அப்படியே வெறுமையாக நிற்கிறது. நீ வந்து, இருக்கிற பார்வையோடு அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, உனக்குப் பிடித்ததில் விரலை வைக்க வேண்டும்.

இந்த ஒரு தடவை கேட்டுச் சொல்லாதே, அம்மா. பார்த்துச் சொல்.

பார்ப்பாய். நன்றாகப் பார்ப்பாய்.

உன் அண்ணன்