பதிமூன்று அடி, இரண்டரை அங்குலம்

எவ்வளவு கத்தினாலும் கோபப்படத் தெரியாத என் நெய்னா காக்காவுக்கு,

நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் நாலு மாசம் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரி நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். முதலில் நல்ல சேதி. என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், அதைவிட ஒழுங்காக என்னைக் குறை சொல்கிறார். மிளகாயும் இந்த வருஷம் பரவாயில்லை. அடுத்தது, உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

மூணு வருஷத்துக்கு முன்னால் அவர் பனையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாரே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு வர உங்கள் தோப்பு ஓரப் பாதை ஒன்றுதான் வழி. கருவேலம் அடைத்துக் கிடந்த அந்தப் பாதைக்குள் ஆம்புலன்ஸ் நுழையவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பக்கம் பிடித்தது நீங்கள்.

அவர் மாவுக்கட்டோடு வீடு திரும்பியதும் தாலுகா ஆபீஸுக்குப் போய்ப் பழைய வரைபடம் வாங்கினேன். பாதைக்குக் குறுக்கே 20 என்று போட்டிருந்தது. அடி என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் கருவேலத்தை வெட்டிப் பாதையைச் சுத்தம் செய்து, வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தீர்கள். டேப்பை வைத்துப் பார்த்தால் பதிமூணடி இரண்டரை அங்குலம்தான் இருக்கிறது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "சவுதியில ரோடு வேலைக்கு டேப் பிடிச்ச ஆளுக்கு இருபதுக்கும் பதிமூணுக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும்? அதுல ரெண்டரை அங்குலம் வேற! அதையும் எடுத்துக்கிற வேண்டியதுதான?" பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கூடிவிட்டது.

"தங்கச்சி, இது அடி இல்லம்மா. அந்தக் காலத்து அளவு..." என்று ஆரம்பித்தீர்கள். நான் பேச விட்டால்தானே? "கணக்குத் தெரியாத பொம்பளைன்னு ஏய்க்கப் பாக்குறீகளா?" என்றேன். நீங்கள் என் வீட்டுப் பக்கம் பார்த்தீர்கள். வாசலில் அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். "சரி தங்கச்சி, இருபதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தோண்டிய குழியையெல்லாம் மூட வைத்து, இருபதடி விட்டு வேலி போட்டீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன மழைக்கு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் பாதை வளைகிற கிணற்று முக்கில் ஒரே ஒடிப்பில் திரும்பி, வாசலுக்கே வந்து அவரை அள்ளிக்கொண்டு போனது. கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

போன வாரம் உங்கள் மகள் ஜொஹரா சர்வேயரைக் கூட்டி வந்தாள். தோப்பில் வேலி ஓரமாக வீடு கட்டப் போகிறாள். சர்வேயர் அளந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, வேலி ஏழடி உள்ள தள்ளி இருக்கு?" என்றார். நான் வரிந்துகட்டிக்கொண்டு போனேன். "இருபதுன்னா இருபதுதான்! படத்துலயே இருக்குல்ல?"

அவர் சிரித்தார். "அது அடி இல்லம்மா, லிங்க்ஸ். அந்தக் காலத்துல சங்கிலி போட்டு அளந்தாங்க. ஒரு சங்கிலிக்கு நூறு லிங்க்ஸ், அது அறுபத்தாறு அடி. ஒரு லிங்க்ஸு எட்டு அங்குலம்கூட வராது. அப்ப இருபது லிங்க்ஸுக்கு எவ்வளவு? பதிமூணடி, ரெண்டரை அங்குலம்."

காக்கா, அந்த ரெண்டரை அங்குலம்! என் பங்கில் ஒரு விரல்கடைகூடக் குறையக்கூடாது என்று கணக்குப் போட்டுத் தோண்டிய மனுஷனை அல்லவா நடுரோட்டில் வைத்துத் திருடனாக்கினேன்? அப்புறமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினீர்கள், அப்போதாவது சொல்லியிருக்கலாமே?

"வாப்பாக்குத் தெரியும் மாமி" என்றாள் ஜொஹரா. "ஏன் வாப்பா விட்டுக் குடுத்தீகன்னு நானே சண்டை போட்டேன். பதிமூணடியில வண்டி வந்துரும்மா, கிணத்து முக்குல திரும்பாது, தங்கச்சி சொல்றது தப்புன்னாலும் கேக்குறது சரிதான்னாக."

நான் அழுதுவிட்டேன். "எல்லைக் கல்ல உள்ளபடி நடச் சொல்லு தாயி. வேலியையும் அங்கன தள்ளிக்க" என்றேன். சொல்லிவிட்டு என் வீட்டு வாசலைப் பார்த்தேன். இன்னொரு தடவை அவருக்கு வலி வந்தால்?

ஜொஹரா வீட்டு பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்று முக்கு வரை போய் நின்றாள். திரும்பி வந்து, "கல்லு அளவுல இருக்கட்டும் மாமி. வேலி வாப்பா வச்ச இடத்துலயே இருக்கட்டும். நான் சமையக்கட்டச் சின்னதாக்கிக்கிறேன்" என்றாள்.

இப்போது கல் ஓரிடம், வேலி ஓரிடம். போகிறவர் வருகிறவரெல்லாம் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் காக்கா. அன்று கத்தின அதே இடத்தில் நின்று, அதே தொண்டையில், என் உயிர் இருக்கிற வரைக்கும் சொல்வேன்: "கல்லு வரைக்கும்தான் எனக்குப் பாத்தியம். அதுக்கு மேல உள்ள ஏழடி எங்க காக்கா குடுத்தது."

உங்கள் வாயாடித் தங்கச்சி,
பஞ்சவர்ணம்