தண்ணீர் கேட்டு நிற்பவன்

மச்சான்,

உன் ஹெல்மெட்டை இப்போதுதான் கழற்றி மேசைமேல் வைத்தேன். உள்பஞ்சில் உன் தைல வாசம் இன்னும் போகவில்லை. செமோரில் நம் பழைய எஸ்டேட்டுக்காரர் ஒருவர் காலையில் இறந்துவிட்டார். குனோங் ராபாட்டில் இருக்கும் அவர் தங்கச்சியிடம் நேரில் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

லயத்து வீடுகளுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோனவன் நீதான். தோட்டத்தை மூடி, ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போன பிறகும் மோட்டார் சைக்கிளில் தேடிப் போய்ச் சொன்னாய். வாசலில் நின்று முதலில் தண்ணீர் கேட்பாய். அதை எடுத்து வருவதற்குள் அவர்கள் மனம் கொஞ்சம் தயாராகிவிடும் என்பாய்.

நம் எஸ்டேட்டுக்காரர்களுக்கு வாட்சப் குரூப் வந்ததும் நான் கேலி செய்தேன். "ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது லா மச்சான், எதுக்கு இந்த வெயில்ல அலையுற?"

"மெசேஜு சொல்லிட்டுப் போயிரும்டா. அழுவுறவங்க பக்கத்துல யாரு நிக்கிறது?"

நீ போன அன்று உன் மகன் செய்தி போடக் கைப்பேசியும் கையுமாக நின்றான். குரூப்பில் யாரோ டுரியான் பழம் விற்கப் படம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயா உன் சாவு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தஞ்சோங் மாலிமில் தனியாக இருக்கும் உன் அக்காவும் அதே குரூப்பில்தான் இருந்தார்.

"போடாத லா தம்பி. அத்தைகிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வாரேன். அதுவரைக்கும் யாரையும் போட விடாத."

காரில் போகும்போது வழியெல்லாம் ஒரே பயம், செய்தி எனக்கு முன்னால் போய்விடுமோ என்று.

அக்கா சிரித்துக்கொண்டே கேட்டைத் திறக்க வந்தார். "என்னடா அதிசயமா இந்தப் பக்கம்? சாப்பிட்டியா?"

அப்பாடா, அவருக்கு இன்னும் தெரியாது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

பூட்டில் இருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இத எப்பவும் அவன்தானடா வந்து கேப்பான்? நீ ஏன் வந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டிலேயே சரிந்தவரைக் கம்பிகளுக்கு ஊடாகத் தாங்கிப் பிடித்தேன். நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். அன்று அவர் பக்கத்தில் நான் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்று அந்தத் தங்கச்சியிடமும் முதலில் தண்ணீர்தான் கேட்டேன். சொம்பு நிறையக் கொண்டுவந்தது. குடித்துவிட்டுச் சொன்னேன். அது அழுது ஓயும்வரை வாசலிலேயே இருந்தேன்.